ஒன்பது பேர் போன பிறகு எங்கள் ஹாக்கி டீம்

கம்பெனி ஹாக்கி டீமின் மேனேஜர் என்பவர், டீம் ஜெயித்தால் போட்டோவில் ஓரமாகவும், தோற்றால் ஜெனரல் மேனேஜர் அறையில் நட்டநடுவிலும் நிற்கிறவர். ஆபீஸ் கிரிக்கெட், தெரு கபடி, பள்ளிக்கூட வாலிபால் என்று ஏதாவது ஒரு டீமைத் தலையில் கட்டிக்கொண்டு அலைந்தவர்கள் இதைப் படித்தால், நான் மிகைப்படுத்தவில்லை என்று சாட்சி சொல்வார்கள்.

1991-ல் நான் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில் ஒரு இரும்புக் குழாய்த் தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எத்தனை மணிக்கு வந்தார், யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று பார்ப்பது என் வேலை. கம்பெனிக்கு ஒரு ஹாக்கி டீம் உண்டு, மெட்ராஸ் லீக்கில் ஆடும், போன வருஷம் மூன்றாவதாக வந்தது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வரும் என்று நினைக்கவில்லை.

ஒன்பது கார்டுகள்

ஜூன் மாதம் ஒரே வாரத்தில் ஒன்பது ஆட்டக்காரர்களுக்கு பேங்க்கிலும் ரயில்வேயிலும் வேலை கிடைத்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. பெண் கொடுக்கிறவன்கூட பேங்க் என்றால்தான் உட்கார்ந்து பேசுவான். ஒன்பது பேரின் வருகைக் கார்டுகளையும் ரேக்கிலிருந்து எடுத்தவன் நான்தான். எடுத்து முடிப்பதற்குள் ஜி.எம். கூப்பிட்டு அனுப்பினார்.

“மூர்த்தி, இந்த வருஷம் நீதான் டீம் மேனேஜர். வெளியிலிருந்து புதுசா யாரையும் எடுக்க முடியாது. ஒர்க்‌ஷாப்பில் இருக்கிற டெம்பரரி பசங்களை வச்சே டீம் கட்டு. எட்டு டீம் ஆடுது. கடைசியா வர்ற டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கும். இறங்கினா டீமைக் கலைச்சிடுவேன். இறங்காம காப்பாத்தினா, ஆடுற டெம்பரரி பசங்களை பர்மனென்ட் பண்றேன்” என்றார். நான் தயங்கித் தயங்கி, “சார், ஹாக்கியைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது” என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்:

“தெரிஞ்ச ஒன்பது பேரும் போயிட்டாங்களேய்யா!”

முட்டை

போன சீசனோடு மூன்று பேர் வயதாகி ஒதுங்கியிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஸ்டோரில் வேலை பார்த்த டில்லிபாபு. இரண்டு வருஷம் டீமில் இருந்தும் ஒரு மேட்ச்கூட ஆடாமல் எல்லாருடைய தண்ணீர் பாட்டிலையும் பார்த்துக்கொண்டவர். இன்னொருவர் பெஞ்சமின் அண்ணன். டூல் ரூம் ஃபிட்டர், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஃபுல்பேக், வயது முப்பத்தெட்டு. பேங்க்கில் வயது வரம்பு இல்லாமல் இருந்தால் அவரும் போயிருப்பார்; அதை அவரே மறைக்காமல் சொன்னார். அவரைக் கேப்டனாகவும் கோச்சாகவும் போட்டு, கேன்டீன் போர்டில் நோட்டீஸ் ஒட்டினோம். பிராக்டீஸுக்கு வருகிறவர்களுக்கு முட்டையும் வாழைப்பழமும் உண்டு என்று கடைசி வரியில் எழுதியது என் யோசனை.

நாற்பது பேர் வந்தார்கள். முக்கால்வாசிப் பேர் லுங்கியில். பெஞ்சமின் அண்ணன் மட்டையையே கையில் கொடுக்காமல் மைதானத்தை ஐந்து சுற்று ஓடச் சொன்னார். இரண்டாவது சுற்றில் பாதிப் பேர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாவது சுற்றில் பேக்கிங்கில் வேலை செய்த ஒரு பருமனான ஆள் என் முன்னால் வந்து, முழங்காலில் கை ஊன்றி, மூச்சு வாங்கியபடி கேட்டார்:

“சார், முட்டை ஓடுறதுக்கு முன்னாடியா, ஓடி முடிச்சப்பறமா? அத்த மட்டும் சொல்லிடுங்க.”

ஏகாம்பரம்

ஓடி முடித்தவர்களில் பதின்மூன்று பேரைத் தேற்றினோம். ஐந்து பேர் டெம்பரரி. ஆனால் கோலில் நிற்க ஒருவர்கூட முன்வரவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு நாள் டிஸ்பாட்ச் பக்கம் லாரியில் குழாய் ஏற்றும்போது ஒன்று நழுவி உருண்டு வந்தது. எல்லாரும் சிதறி ஓட, ஒரு ஆள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, பூட்ஸ் காலை வைத்து அதை நிறுத்திவிட்டு, பீடியைப் பற்றவைத்தான். பெஞ்சமின் அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். “சார், நம்ம கோல்கீப்பர் அதோ நிக்கிறான்.”

ஏகாம்பரம் வாலாஜாபாத் பக்கத்துக்காரன். வீட்டில் நெல் விவசாயம், இங்கே டெம்பரரி லோடர்; அவனோடு சேர்த்து டீமில் டெம்பரரி ஆறு பேர் ஆனார்கள். ஹாக்கியைக் கண்ணால் பார்த்ததில்லை. காலுக்குப் பேடு கட்டி, கோலுக்கு முன்னால் நிற்க வைத்து, அரை மணி நேரம் விதிகளைச் சொன்னோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டான்:

“எல்லாம் சரி சார். பந்து என் மேல பட்டா தப்பா, படாம போனா தப்பா?”

பத்துக்கு சைபர்

முதல் மேட்ச் எங்கள் பழைய ஆட்கள் நான்கு பேர் சேர்ந்திருந்த பேங்க் டீமோடு. நடந்ததை விவரமாக எழுத மனம் வரவில்லை. பத்துக்கு சைபர். நாங்கள் பந்தைத் தொட்டதெல்லாம், கோல் விழுந்த பிறகு எடுத்து நடுவில் வைத்து ஆட்டத்தை ஆரம்பித்தபோதுதான். எங்களிடம் ஐந்து வருஷம் சென்டர் ஃபார்வர்டாக இருந்த ரவி மட்டும் நான்கு கோல் போட்டான். ஒவ்வொரு கோலுக்கும் பிறகு தலையைக் குனிந்துகொண்டே திரும்பிப் போனான். மேட்ச் முடிந்ததும் எங்கள் பஸ் ஜன்னல் வழியாக இரண்டு நல்ல மட்டைகளை உள்ளே நீட்டி, “புது பசங்களுக்குக் குடுங்க அண்ணே” என்று பெஞ்சமின் அண்ணனிடம் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டான்.

பஸ் பூந்தமல்லி தாண்டியது. மறுநாள் ஜி.எம். முன்னால் என்ன முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். செம்பரம்பாக்கம் ஏரிக் காற்று முகத்தில் அடித்ததும், கடைசி சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்த ஏகாம்பரம் எழுந்து உட்கார்ந்தான். தொடையெல்லாம் கன்றிப்போயிருந்தது. சத்தமாகவே கேட்டான்:

“பத்து உள்ள போச்சு, சரி. நான் தடுத்தது எத்தினின்னு எவனாவது எண்ணினீங்களா?”

சூப்பர்வைசர்

யாரும் எண்ணவில்லைதான். அடுத்த மேட்சிலிருந்து நான் எண்ணினேன். நான்கு கோல் வாங்கினோம். பதினோரு பந்து தடுத்திருந்தான். அதைக் கேன்டீன் போர்டில் எழுதிப் போட்டதும், லோடிங் ஆட்கள் அடுத்த ஆட்டத்துக்கு லாரி பிடித்து வந்தார்கள். அந்த ஆட்டத்தில் செல்வம் ஒரு கோல் போட்டான். எங்களுக்கு அந்த வருஷத்தின் முதல் கோல். மேட்ச் டிரா.

இந்தச் செல்வத்தால் எனக்கு வேறொரு தலைவலி. பெயிண்ட் செக்‌ஷனில் டெம்பரரி. ஓட்டத்தில் அவனை யாரும் பிடிக்க முடியாது. ஆனால் அவன் சூப்பர்வைசர் வரதன் சார் மேட்ச் நாளில் அவனை விடமாட்டார். “சரக்கு போகலைன்னா உங்க பந்து வந்து பெயிண்ட் அடிக்குமா?” என்பார். நியாயமான கேள்விதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையன் நிஜமாகவே ஆடுகிறானா, ஊர் சுற்றுகிறானா என்று பார்க்க அவரே மெட்ராஸுக்கு வந்தார். குடையோடு ஓரமாக நின்றவர், செல்வம் பந்தோடு பறக்கவும் கோட்டுக்குப் பக்கத்தில் கூடவே ஓட ஆரம்பித்தார். அம்பயர் இரண்டு முறை எச்சரித்தார். அன்றைக்குத்தான் முதல் முறையாக ஜெயித்தோம். திங்கள்கிழமை காலை அவர் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு சொன்னார்:

“அவன் பேரை ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுங்க. இனிமே அவன் ஓடினா போதும்.”

பெஞ்சமின் அண்ணனின் கால்

அதற்கப்புறம் வரிசையாக இரண்டு தோல்வி. இரண்டும் ஒரு கோல் வித்தியாசம். பிறகு மழை பிடித்துக்கொண்டது. மைதானத்தில் முழங்கால் தண்ணீர். காலியாக இருந்த குடோனில், சிமென்ட் தரையில் பிராக்டீஸ் செய்தோம். பந்து புல்லில் போவதைவிட இரண்டு மடங்கு வேகமாக வரும். கண் இமைத்தால் கணுக்கால் போயிற்று. ஒரு வாரத்தில் பையன்களின் கை அந்த வேகத்துக்குப் பழகிவிட்டது.

அங்கேதான் பெஞ்சமின் அண்ணனின் வலது முழங்கால் வீங்கியதைப் பார்த்தேன். இனி ஆடக்கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது; என்னிடம் மறைத்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நாளைக்கு நடக்க முடியாம போனா வீட்டில் அண்ணிக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்றேன். குடோன் ஓரத்தில் அடுக்கியிருந்த பலகைகள் மேல் உட்கார்ந்து, பையன்களைக் காட்டினார். “ஆறு பேரு சார். செல்வம் தங்கச்சிக்கு நிச்சயம் ஆயிடுச்சி. ஏகாம்பரத்துக்குக் கொழந்தை பொறக்கப் போவுது. நான் நின்னா பின்னாடி பயம் இல்லாம ஆடுவானுங்க” என்றார். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“ஒரு மேட்ச்சு சார். அதுக்கப்பறம் இந்தக் கால நீங்களே வச்சிக்கங்க.”

கடைசி மேட்ச்

எங்களுக்கு மூன்று புள்ளி. கடைசி மேட்சில் எதிரே நின்ற இன்னொரு கம்பெனி டீமுக்கு இரண்டு. டிரா செய்தால் நாங்கள் தப்புவோம், தோற்றால் கீழே. இடைவேளைக்கு முன் ஒரு கோல் வாங்கினோம். இடைவேளையில் பெஞ்சமின் அண்ணனால் எழுந்து நிற்க முடியவில்லை. மட்டையை டில்லிபாபுவிடம் நீட்டினார். இரண்டு வருஷம் பாட்டில் தூக்கிய மனுஷன், வெளுத்த முகத்தோடு உள்ளே போனார். ஆனால் செல்வத்துக்கு நீளமாக ஒரு பந்து தள்ளிவிட்டது அவர்தான். செல்வம் அதை அடித்து ஒன்றுக்கு ஒன்று ஆக்கினான்.

கடைசி நிமிஷத்தில் எதிரிக்குப் பெனால்டி கார்னர். ஓரக் கோட்டிலிருந்து தள்ளிவிட்ட பந்தைக் கோலுக்கு நேரே நிறுத்தி ஓங்கி அடித்தார்கள். எனக்குப் பந்து தெரியவில்லை. ஏகாம்பரம் விழுந்தது மட்டும் தெரிந்தது. விசில் ஊதினார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால், பந்து நெஞ்சில் பட்டு அவன் வயிற்றுக்கு அடியில் கிடக்கிறது, கோல் கோட்டைத் தாண்டாமல். மேட்ச் டிரா. வரதன் சார் குடையை எறிந்துவிட்டு டில்லிபாபுவைக் கட்டிக்கொண்டு அழுதார். பெஞ்சமின் அண்ணன் ஒற்றைக் காலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் ஜி.எம். அறையில் ஆறு பேருக்கும் கன்ஃபர்மேஷன் கடிதம் கொடுத்தார்கள். ஏகாம்பரம் மட்டும் வாங்கிய கவரைப் பிரிக்காமல் நின்றான். “படிச்சுப் பாரப்பா, பர்மனென்ட் ஆயிட்ட” என்றார் ஜி.எம். அவன் கவரைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்தபடி சொன்னான்:

“வூட்டாண்ட போயி அவ கையால பிரிக்கச் சொல்றேன் சார். நெஞ்சுல வாங்குன அடி இன்னாத்துக்குன்னு கேட்டுக்கினே கீறா.”

எட்டு டீமில் ஏழாவதாக வந்ததற்கு ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்ட மேனேஜர் அந்த வருஷம் நான் ஒருவன்தான். அந்தக் குற்றத்துக்காக அடுத்த நான்கு சீசனுக்கும் என்னையே போட்டார்கள்.