எட்டுப் பேர் இறங்கிய வீடு

இது ராத்திரியில் நடந்ததில்லை. பகலில் நடந்தது. மழை இருட்டு இருந்தது, அவ்வளவுதான். ஆட்கள் எல்லோரும் வீட்டைச் சுற்றியேதான் இருந்தார்கள். நான் நேரத்தைக்கூடக் குறித்து வைத்திருக்கிறேன். நம்பாதவர்கள் குட்டநாட்டுக்கு வந்து எங்கள் நடு அறையில் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து பார்க்கலாம்.

எங்கள் வீடு காயல் வரப்பை ஒட்டிச் சேற்றில் தென்னந்தடி இறக்கிக் கட்டியது. வருஷத்துக்கு ஒரு விரல்கடை கீழே போகும். இங்கே எல்லா வீடும் அப்படித்தான். ஆனால் எங்கள் வீட்டில் நடு அறை மட்டும் தனியாக அமிழ்ந்தது. அதன் பலகைத் தரை தூளி மாதிரித் தொங்கிப் போயிருந்தது. அந்தத் தரையில்தான் அம்மாவின் கட்டில். இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதமாகப் படுக்கை. வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோனால் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் அம்மாவை உள்ளே வைத்துக்கொண்டே வீட்டை ஜாக்கி கொடுத்துத் தூக்குவது என்று அப்பா, எங்கள் பேச்சில் அப்பச்சன், முடிவு செய்தார். எங்கள் பக்கத்தில் வீடு மேலே போய்க்கொண்டிருக்கும்போதே உள்ளே மீன்குழம்பு கொதிக்கும். யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. மழைக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டிய வேலை, தள்ளித் தள்ளிப் போய் மழையிலேயே தொடங்கியது.

ஈப்பன் மேஸ்திரி எட்டு ஆட்களோடு வந்தார். வீட்டுக்கு அடியில் குழி தோண்டி, எட்டுப் பேரும் அதற்குள் குனிந்து உட்காருவார்கள். ஆளுக்கு ஐந்து ஜாக்கி. வெளியே மேஸ்திரி விசில் அடித்ததும் ஐந்தையும் கால் சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றி முடித்தவர் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். எட்டு எண்ணும் கேட்காமல் அடுத்த விசில் கிடையாது. ஒருவர் பிந்தினாலும் சுவர் பிளந்துவிடும்.

மேஸ்திரிக்குக் காது மந்தம். அதனால் குரல்களை எண்ணுகிற வேலை எனக்கு வந்தது. குழியின் வாய்க்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காருவேன். எட்டு கேட்டதும் கையைத் தூக்குவேன். வாயைத் திறக்க வேண்டியதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. பாதியில் விட்ட ஒன்பதாம் வகுப்பு நோட்டின் மிச்சத் தாளில் விசிலுக்கு ஒரு கோடு போட்டு வைத்தேன்.

எட்டாம் எண் உத்தமன் சேட்டன். நடு அறைக்கு மிகப் பக்கத்தில் உட்காருகிறவர் அவர்தான். "எங்க எட்டுப் பேர் குரலையும் நீ எண்ணுற, மோளே. உன் குரலை நாங்க எப்ப எண்ணுறது?" என்று என்னைக் கிண்டல் செய்துகொண்டே இறங்குவார்.

நடு அறைக்கு அடியில் மட்டும் ஜாக்கி இல்லை. மூன்று தடவை வைத்துப் பார்த்தார்கள். மூன்று தடவையும் அடிக்கட்டையோடு சேற்றுக்குள் போய்விட்டது.

"இங்க மண்ணே இல்லப்பா. வெறும் கஞ்சி," என்றார் மேஸ்திரி. சுற்றிலும் தூக்கினால் நடு உத்திரம் கூடவே வரலாம், வராவிட்டால் பலகை கிழியும் என்று அப்பச்சனிடம் தணிந்த குரலில் சொன்னார்.

நான் அம்மாவின் கட்டிலைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள். பகல் 1:50. விசில் அடித்தது. ஜாக்கிகள் கிரீச்சிட்டன. ஒன்று, இரண்டு என்று வரிசையாகக் குரல் வந்தது. ஏழு. எட்டு. நான் கையைத் தூக்கப் போனேன்.

"ஒம்பது."

மெதுவான குரல். வாய் நிறையச் சேற்றை வைத்துக்கொண்டு சொன்ன மாதிரி இருந்தது. உத்தமன் சேட்டன் விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

2:05. அடுத்த விசில். இந்தத் தடவை குனிந்து உள்ளே பார்த்தேன். எட்டு என்று சொல்லிவிட்டு உத்தமன் சேட்டன் வாயை மூடிக்கொண்டார். அதை நான் பார்த்தேன்.

"ஒம்பது."

அவர் திரும்பி நடு அறைக்கு அடியில் இருந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

2:40. மேஸ்திரி தண்ணீர்க் குழாய் வைத்து மட்டம் பார்த்தார். சுவர்கள் எவ்வளவு ஏறியிருந்தனவோ அதே அளவு நடு அறைத் தரையும் ஏறியிருந்தது. தொங்கல் இல்லை. பலகையில் ஒரு கீறல்கூட இல்லை. ஜாக்கியே இல்லாத இடம் அது. மேஸ்திரி சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்போது அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"கட்டிலுக்குக் கீழ யாருடி முதுகு குடுத்து நிக்கறான்? பாவம்... மூச்சு வாங்குறான்."

காய்ச்சல் பேச்சு என்றார் அப்பச்சன். நான் அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது.

3:30. போன் வந்தது. மலையில் பெய்த மழை கிழக்கன் வெள்ளமாக இறங்கிவிட்டது, இருட்டுவதற்குள் எங்கள் வரப்பைத் தொட்டுவிடும் என்றார்கள். அதற்குள் அடியில் தூண்களை எழுப்பி, ஜாக்கிகளை எடுத்து, குழியின் வாயைக் கல் வைத்து அடைத்தாக வேண்டும். திறந்த வாய் வழியாக வெள்ளம் புகுந்தால் அடிச்சேறு கரைந்து வீடு சரியும். அம்மாவோடு சரியும்.

கல்லும் சிமெண்டும் கை மாறின.

5:10. தூண்கள் முடிந்தன. ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே ஏறினார்கள். மேஸ்திரி கையில் கல்லை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் ஏறியாச்சா? எண்ணிட்டியா?"

எண்ணினேன். எட்டுத் தலை.

எனக்குப் பின்னால், குழிக்குள் இருந்து...

"ஒம்பது."

விசில் அடிக்கவே இல்லை. உடனே இன்னொரு தடவை கேட்டது. இந்தத் தடவை அவசரமாக. ஆஜர் எடுக்கும்போது தன் பெயரை விட்டுவிடுவார்களோ என்று பயந்த குரல்.

"ஒம்பது."

மேஸ்திரிக்குக் கேட்கவில்லை. மற்றவர்கள் மழையில் சட்டி சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஆள் இருக்கிறது என்று நான் சொன்னால் மேஸ்திரி கல்லைக் கீழே வைத்துவிடுவார். ஆட்கள் இறங்கித் தேடுவார்கள். தண்ணீர் அப்போதே வரப்பின் விளிம்பில் நின்றது.

மேலே அம்மா இருந்தாள்.

"எட்டு," என்றேன்.

உரக்கச் சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

முதல் கல்.

"ஒம்பது..."

இரண்டாவது கல்.

"ஒம்பது..."

5:32. கடைசிக் கல்.

பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

வெள்ளம் வாசற்படிக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. வீடு அசையவில்லை. அம்மா பிழைத்தாள். இந்தக் கரையில் ஏழு வீடுகள் சாய்ந்தன. அப்பச்சன் சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். அம்மா மட்டும் கட்டிலை வேறு அறைக்கு மாற்றச் சொன்னாள்.

பதினோராம் நாள், விட்டுப்போன பலகைகளை எடுக்க உத்தமன் சேட்டன் சின்ன வள்ளத்தில் வந்தார். அப்பச்சன் உள்ளே கூப்பிட்டார். அவர் படியில் கால் வைக்கவில்லை. பலகைகளை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அப்பச்சன் உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு உத்தமன் சேட்டன் கேட்டார்.

"அன்னைக்கு நீ எத்தனை கேட்ட, மோளே?"

"எட்டு."

அவர் பலகைகளை வள்ளத்தில் அடுக்கினார். பிறகு, என்னிடம் சொல்கிற மாதிரி இல்லாமல், சொல்ல ஆரம்பித்தார். உங்கள் வீடு இருக்கிற இடம் ஒரு காலத்தில் வரப்பு உடைந்த வாய் என்றார். உடைப்பை அடைக்க ஒன்பது பேர் கம்பைத் தோளில் முட்டுக் கொடுத்துத் தண்ணீருக்குள் இறங்கினார்கள். உயிரோடு இருப்பது கரைக்குத் தெரிவதற்காக ஆளுக்கொரு எண்ணைக் கூவிக்கொண்டே நின்றார்கள். எட்டாவதாக நின்றவர் இவருடைய தாத்தா. ஒன்பதாவது அந்தத் தாத்தாவின் அண்ணன், கண்டன். தண்ணீர் ஏறியதும் எட்டுப் பேர் கரையேறினார்கள். இன்னும் ஓர் ஆள் அடியில் நிற்கிறான் என்று தாத்தா கத்தினார். கரையில் நின்று எண்ணியவர், இறங்கியதே எட்டுப் பேர்தான் என்று சொல்லிவிட்டார். சேற்றுக் கட்டிகளைப் போட்டு மூடினார்கள்.

"உடைப்பு அதோட நின்னுது. எண்ணினவருக்குப் பரிசா இந்த மனையைக் குடுத்தாங்க."

வள்ளத்தைக் கம்பால் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னார்.

"உங்க அப்பச்சனோட தாத்தாதான் அவரு."