பதுவையில் ஐந்தாம் சுற்று

இத்தாலி பார்த்திருக்கிறாயா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஒன்பது வயதில் ஒரு முழுநாள் அங்கே நின்றிருக்கிறேன், அது உண்மை. ஆனால் நின்றது வரிசையில். எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் பூப்போட்ட சட்டையின் முதுகுப்பக்கத்தை இன்றும் வரைந்து காட்டுவேன். அந்த நகரத்தை வரையச் சொன்னால் என்னால் முடியாது.

அந்த நாளை ஏற்பாடு செய்தவர் அப்பா. கனடாவில், மிசிசாகா விமான நிலையத்தில் பொதி ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. வருடம் முழுவதும் மற்றவர்களின் பெட்டிகளைத் தூக்கி அனுப்பும் மனிதருக்குத் தானும் எங்காவது போகவேண்டும் என்று ஆசை இருந்தது. ஆனால் வெறுமனே ஊர் பார்க்கப் போவதற்கு மனம் ஒப்பாது, ஒரு காரணம் வேண்டும். அந்த ஆவணியில் ஜெர்மனியில் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கைக்குக் கலியாணம் வந்தது. அது முடிந்து ரொறன்ரோவுக்குத் திரும்புவதற்கு ஒரு நாள் மிச்சம் இருந்தது. காலையில் வெனிஸில் இறக்கி, இரவு திரும்ப ஏற்றிவரும் மலிவு விமானம் ஒன்றை அப்பா தேடிப் பிடித்தார்.

வெனிஸ் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளி விடுமுறை விடும் நாளில் வகுப்புக்கு முன்னால் போய் நின்று, நான் அந்த நீளப் படகில் போகப்போகிறேன் என்று அறிவித்தேன். பலகையில் படகையும் படகோட்டியின் தொப்பியையும் வரைந்து காட்டினேன். திரும்பி வந்ததும் படம் காட்டுவதாக எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தேன்.

அம்மா வரைபடத்தில் வேறொன்றைக் கண்டார். வெனிஸில் இருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்குள் பதுவை. பதுவை என்றால் அந்தோனியார், அவருடைய கல்லறை அங்கேதான். ஸ்காபரோவில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு அந்தோனியார், குசினியில் ஒருவர், காரில் ஒருவர். தொலைந்த எதையும் தேடித் தருகிறவர் அவர். வீட்டுச் சாவி, ரிவி ரிமோற், அப்பாவின் ஒற்றைக் காலுறை எல்லாம் அவருடைய பொறுப்பில்தான் இருந்தன.

“முதல் பதுவை. ஒரு மணித்தியாலம். பிறகு வெனிஸ்” என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். எங்கள் குடும்பத்தின் ஒரு மணித்தியாலம் எவ்வளவு நீளம் என்று தெரிந்திருந்தும் நான் நம்பினேன்.

ஞாயிறு பூசை முடிந்து, கார் தரிப்பிடத்தில் வைத்தே செய்தி பரவிவிட்டது. அடுத்த இரண்டு கிழமையும் எங்கள் வீட்டு மணி ஓயவில்லை. விட்பியில் வீடு வாங்க முயன்றுகொண்டிருந்த ஒரு அன்ரி அந்த வீட்டின் படத்தைக் கொண்டுவந்தார். பிறம்ரனில் லொறி ஓட்டும் அங்கிள் தன் லொறியின் மாற்றுச் சாவியைத் தந்தார். மகளின் சோதனை அனுமதி அட்டை, பேரக்குழந்தையின் சட்டை, குடியை விடாத மருமகனின் கைக்குட்டை, எட்டோ ஒன்பதோ செபமாலைகள். எல்லாவற்றையும் புனிதரின் கல்லறைக் கல்லில் ஒற்றி எடுத்து வரவேண்டும். அம்மா யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனி பொலித்தீன் பையில் இட்டு, பெயர் எழுதி அடுக்கினார்.

கடைசியாக வந்தவர் மாமி. வந்தவர் என்ன, எங்கள் வீட்டு பேஸ்மென்றில் இருந்து படியேறினார். அவர் அப்பாவின் அக்கா. அகதி வழக்கு முடியாததால் கையில் பாஸ்போட் இல்லை, எங்கும் போகமுடியாது. மாமாவைக் காணவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஊரில் சண்டை முடிந்த நாட்களில் அவரை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள், மாமி பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு ஒரு தகவலும் இல்லை. பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசினால் என்னை மேலே போய்ப் படிக்கச் சொல்வார்கள்.

மாமி ஒரு ஒட்டிய கடித உறையை என் கையில் வைத்தார்.

“அம்மாட்டைக் குடுத்துடாதை, குஞ்சு. உன்ரை கையாலை கல்லிலை வைச்சு, கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நிண்டிட்டு, இதை அங்கையே விட்டிட்டு வா. சின்னப்பிள்ளையள் கேட்டா அவர் பதில் சொல்லுவார்.”

ஓம் மாமி என்றேன். அப்போது எனக்கு எல்லாவற்றுக்கும் ஓம்தான். நான் படகில் போகப்போகிறவள்.

விமானம் இறங்கும்போது ஜன்னலுக்குக் கீழே வெனிஸ் தெரிந்தது. தண்ணீர், தண்ணீருக்கு நடுவே ஓட்டுக்கூரைகள். அதுதான் நான் பார்த்த வெனிஸ். பஸ் அதற்கு நேர் எதிர்த்திசையில் ஓடியது.

பதுவையில் வெயில் கொளுத்தியது. கோயிலுக்குள் தோள் தெரியக்கூடாது என்று அம்மா எனக்கு டெனிம் ஜக்கெற்றைப் போட்டுக் கழுத்துவரை பொத்தான் பூட்டியிருந்தார். தெருக்களில் வளைவு வளைவாக நிழல்தரும் நடைபாதைகள், ஏதோ பழைய பல்கலைக்கழகம், மணிக்கூட்டுக் கோபுரம், சந்தை. எல்லாவற்றையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்தோம். நின்று பார்க்க முயன்ற ஒவ்வொரு தடவையும் அம்மா என் கையை இழுத்தார்.

கோயிலுக்குள் இடப்பக்கமாகக் கல்லறைக்கு ஒரு வரிசை. பலிபீடத்தின் பின்பக்கம் போனால் கருமையான கல். எல்லோரும் அதில் கையை வைத்து, நெற்றியைச் சாய்த்து, சில நொடிகளில் நகர்கிறார்கள். நகராவிட்டால் அங்கே நிற்கும் வயதான காவலர் மெல்லக் கையசைக்கிறார். அம்மா முதல்தடவை பையில் இருந்து மூன்று பொருட்களை எடுத்து ஒற்றி முடிப்பதற்குள் கையசைத்துவிட்டார். பையில் இன்னும் முப்பதுக்கு மேல் இருந்தன.

“பையோடை ஒருக்கா ஒத்தி எடுத்தா எல்லாத்துக்கும் சரிதானே?” என்றார் அப்பா.

“மொத்தமா ஒத்தினா ஆருக்கு என்ன வேணுமெண்டு அவருக்கு என்னெண்டு தெரியும்?”

“அவர் புனிதரப்பா. கடிதம் பிரிக்கிற ஆளில்லை.”

“நீங்கள் பேசாமல் வாங்கோ. சனத்துக்குச் சொல்லிப்போட்டு வந்திருக்கிறன்.”

ஆகவே இரண்டாம் சுற்று. மூன்றாம் சுற்றில் வேலை துரிதப்படும் என்று அப்பாவின் இரண்டு கையிலும் செபமாலைகள், என் கையில் லொறிச் சாவியும் குடிகார மருமகனின் கைக்குட்டையும். அப்பா கல்லின் முன் நின்று, அம்மா எழுதித் தந்த பட்டியலில் பெயரைத் தேடி, கண்ணாடியை மறந்துவிட்டு வந்ததைக் கண்டுபிடித்தார். யாருக்காக எதை ஒற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை. அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. அந்தச் செபமாலைகளுக்காக மட்டும் நான்காம் சுற்று. காவலர் இப்போது எங்களைக் கண்டதும் தலையாட்டத் தொடங்கிவிட்டார்.

மதியம் கோயில் மதிலோரம் இருந்து ஜெர்மனியில் கட்டிக்கொடுத்த றோல்ஸ் சாப்பிட்டோம். கலியாணவீட்டு றோல்ஸ், மூன்றாம் நாள். வெனிஸுக்கு எத்தனை மணிக்கு ரயில் என்று கேட்டேன். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னை.

“வெனிஸிலை என்ன கிடக்கு? தண்ணியும் தோணியும். குருநகர்க் கடற்கரையிலை பிறந்தவனுக்குத் தோணி காட்டப்போறியே?”

“நான் குருநகரிலை பிறக்கேல்லை! நான் ஸ்காபரோ! இற்ஸ் நொற் ஃபெயர்!”

“கோயில் வாசல்லை கத்தாதை” என்றார் அம்மா. “மாமியின்ரை கடிதம் எங்கை? அது இன்னும் வைக்கேல்லை. அதை வைச்சிட்டு, அந்தோனியாரின்ரை நாக்கைப் பாத்திட்டு, பின்னேரப் பூசையும் காணலாம்.”

நாக்கு. அழியாத நாக்கு என்று ஒரு கண்ணாடிக் கூட்டில் வைத்திருக்கிறார்களாம். படகுக்குப் பதிலாக எனக்கு ஒரு நாக்கு.

ஐந்தாம் சுற்றில் நான் அழவில்லை. அழுதால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். உறை ஜக்கெற்றின் உள்பையில் இருந்தது. வரிசை நகர நகர என் கோபம் அப்பாவை விட்டு, அம்மாவை விட்டு, அந்தக் கல்லின்மேல் திரும்பியது. இந்த மனிதரால்தான் எல்லாம். நான் இவரைத் தொடமாட்டேன். பூப்போட்ட சட்டைக்காரி கையை வைத்தாள், முத்தமிட்டாள், போனாள். என்முறை வந்தது. நான் இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டு, கல்லைப் பார்க்காமல், நேராக நடந்து அந்தப் பக்கம் போய்விட்டேன். காவலர் மட்டும் கண்டார். ஒருவேளை இவள் ஏற்கனவே போதுமான அளவு தொட்டுவிட்டாள் என்று நினைத்திருப்பார்.

“வைச்சாச்சோ?” என்றார் பின்னால் வந்த அம்மா.

“ஓம்” என்றேன்.

அவ்வளவு நிம்மதியாக நான் அதுவரை பொய் சொன்னதில்லை.

நாக்கைப் பார்த்தேன். பூசை கண்டேன். பிறகு அப்பா, மனச்சாட்சி குத்தியிருக்கவேண்டும், எங்களை ஒரு பெரிய திடலுக்குக் கூட்டிப்போனார். நடுவே புல்வெளி, சுற்றி வட்டமாக ஒரு சின்ன வாய்க்கால், இரு கரையிலும் வரிசையாகக் கற்சிலைகள்.

“இந்தா தண்ணி. நல்லாப் பார்” என்றார்.

ஐஸ்கிரீமும் வாங்கித் தந்தார். அதைத் தின்று முடித்தபோது கோபம் கொஞ்சம் வடிந்துவிட்டது. வடிந்த இடத்தில் உறையின் மூலை நெஞ்சில் குத்தத் தொடங்கியது. மாமி படியேறி வந்தது நினைவுக்கு வந்தது. அம்மாவின் சேலைத் தலைப்பை இழுத்து, கோயிலுக்குத் திரும்ப ஒருக்கால் போவோமா என்று கேட்டேன்.

அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டது. அப்பாவுக்கோ வெறி வந்துவிட்டது.

“விசரே உங்கள் ரெண்டு பேருக்கும்? பிளேனை விடப்போறம்! விடிஞ்சதிலையிருந்து அந்தாளை நிம்மதியா இருக்க விட்டனீங்களே?”

பஸ் நிலையத்துக்கு ஓடினோம். அன்று நாங்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த ஒரே இடம் விமான நிலையம்தான்.

ரொறன்ரோவில் வீட்டுக்குள் காலடி வைத்ததும், பெட்டிகளை இறக்குவதற்கு முதல் மாமி மேலே வந்துவிட்டார். மற்றவர்களின் பொலித்தீன் பைகளை அம்மா மேசையில் பரப்பிக்கொண்டிருந்தார். மாமி என்னைத் தன் பக்கத்தில் இருத்தினார்.

“உன்ரை கையாலை வைச்சனீயோ?”

“ஓம் மாமி.”

“கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நிண்டனீயோ?”

“ஓம்.”

“அப்ப உனக்கு ஏதும் தோணினதோ, குஞ்சு? ஏதும் கேட்டமாதிரி? மனசிலை ஏதும்?”

எனக்கு நித்திரை தூங்கியது. பொய்யை இன்னும் நீட்டவேண்டி வருமோ என்று பயம் வேறு. இந்த விசாரணை எப்படியாவது முடியவேண்டும்.

“ஒண்டும் இல்லை மாமி” என்றேன் எரிச்சலோடு. “எவ்வளவு நேரம் வைச்சும் ஒண்டுமே இல்லை. சும்மா கல்லுத்தான்.”

மாமி என் தலையைத் தடவினார். “சரி, ராசாத்தி. நீ போய்ப் படு” என்றார். நான் தப்பினேன் என்று படியேறி ஓடினேன். மாமி களைப்பு என்று சொல்லி அந்த இரவு சாப்பிடவில்லை என்று அம்மா அடுத்தநாள் சொன்னது காதில் விழுந்தது. விமானத்தில் வந்தது நாங்கள், வீட்டில் இருந்தவருக்கு என்ன களைப்பு என்று நினைத்தேன்.

கார்த்திகை மாதம் வந்தது. ஒரு நாள் பின்னேரம் தமிழ்ப் பூசைக்குப் போனோம். மாமி வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தார். கோயிலில் வழக்கத்தைவிடக் கூட்டம், முன்னால் நிறைய மெழுகுதிரிகள். பூசையில் பாதி எனக்கு விளங்குவதில்லை. ஆனால் சுவாமியார் பெயர் வாசிப்பது மட்டும் விளங்கும். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் கேட்டது கிடைத்தவர்கள் நன்றி சொல்லிப் பெயர் கொடுப்பார்கள், அவர் வாசிப்பார். விட்பி அன்ரி வீடு வாங்கியபோதும் வாசித்தார். அன்றைக்கும் ஒரு நீளப் பட்டியல், இடையிடையே ஆத்துமாக்கள், நித்திய இளைப்பாற்றி என்று எனக்கு விளங்காத சொற்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் எழுந்து போய் ஒரு திரி கொளுத்தினார்.

நடுவில் மாமாவின் பெயர் வந்தது. அப்பா திடுக்கிட்டு மாமியைத் திரும்பிப் பார்த்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மாமி எழுந்து, நடந்துபோய், ஒரு திரியைக் கொளுத்தி வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வந்து இருந்தார்.

எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. கடிதம் வைக்காமலே அந்தோனியார் வேலையை முடித்துவிட்டார். அம்மாவின் காதருகே சாய்ந்து, “மாமா கிடைச்சிட்டாரோ?” என்று கேட்டேன். அம்மா என்னை இழுத்துத் தன் மடியோடு அணைத்துக்கொண்டார். சந்தோசத்தில்தான் எல்லோரும் அழுகிறார்கள் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து, ஜக்கெற்றின் உள்பையில் இருந்த உறையை எடுத்தேன். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. மூன்று மாதமாக அந்த அலமாரியைத் திறக்கவே பயந்திருந்தேன். கீழே பேஸ்மென்றில் மாமியின் அழுகைச் சத்தமும், அப்பா ஏதோ சொல்வதும் கேட்டன. நான் குசினிக்குப் போய் உறையைக் குப்பைவாளிக்குள், தேயிலைச் சக்கைக்கு அடியில், ஒருவருக்கும் தெரியாமல் அமத்தி வைத்தேன். இனி அது தேவையில்லைத்தானே.