கோவாராய் மொழிபெயர்த்த பதில்

இன்னொருவன் சொல்லும் பொய்யை அட்சரம் பிசகாமல் தன் வாயால் சொல்பவன் பொய்யனா? கோவாராயின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டது. எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

எங்கள் சின்ன மலைநாட்டின் நாடாளுமன்றத்தில் அவர் மொழிபெயர்ப்பாளர். உறுப்பினர்கள் ஆங்கிலத்தில் பேசப் பேச, சபைக்கு மேலே ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து அதை எங்கள் மொழியான செசோத்தோவில் சொல்வார். அது அப்படியே வானொலியில் போகும். பேசுபவர் 'நான்' என்றால் இவரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'மந்திரி சொல்கிறார்' என்று தள்ளி நிற்க அனுமதி இல்லை. அதனால் மலையில் ஆடு மேய்ப்பவர்களுக்கு எல்லா மந்திரிகளுக்கும் ஒரே குரல். சந்தைக்குப் போனால் யாராவது பிடித்துக்கொள்வார்கள்.

"என்னய்யா, எங்க ஊருக்குப் பாலம் கட்டித் தரேன்னு சொன்னீங்களே?"

"நான் எங்கேம்மா சொன்னேன்? மந்திரி சொன்னார்."

"குரல் உங்களுதுதானே? அப்போ நீங்களே வந்து கல்லைத் தூக்குங்க!"

அவரும் சிரிப்பார். வேலையில் கெட்டிக்காரர். தைரியசாலி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பாலம் வரவில்லை என்று தெரிந்த பிறகும், அதே வாக்குறுதியை அடுத்த ஆண்டு அதே உற்சாகத்தோடு சொன்னார்.

ஒரு குளிர்காலத்தில் அவருடைய ஒரே மகன் ரெட்செலியை, துணி ஆலை வேலைநிறுத்தத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. சில நாளில் காவல் நிலையத்திலிருந்து உடல்தான் திரும்பியது. முதுகு முழுக்கத் தடிப்பு. அடக்கம் முடிந்து, வழக்கப்படி பெற்றோர் இருவரும் தலையை மழித்துக்கொண்டார்கள்.

எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் இந்தச் சாவைப் பற்றிச் சபையில் கேள்வி கேட்டார். மறுவாரம் போலீஸ் மந்திரி பதில் சொல்வதாக இருந்தது.

கோவாராயின் மனைவியை, ரெட்செலியைப் பெற்றவள் என்பதால், ஊரே மாரெட்செலி என்றுதான் கூப்பிடும். பிள்ளை போன பிறகும் பெயர் அதுதான். மந்திரி பதில் சொல்லும் நாளுக்கு முன் அவள் கணவரிடம் சொன்னாள்:

"அவன் என்ன சொல்லப் போறான்னு நமக்குத் தெரியும். உன் முன்னாடி மைக் இருக்கு. ஒரே ஒரு வார்த்தை. எம் புள்ளைய அடிச்சுக் கொன்னாங்கன்னு சொல்லிடு. நாடே கேக்கட்டும்."

"அப்புறம் அந்த ரூம்ல என்னை உக்கார விடமாட்டாங்க."

"விடலைன்னா என்ன, பட்டினியா கிடப்போம்? மூணு பேருக்குக் கிண்டின களி, இப்போ ரெண்டு பேருக்குத்தானே."



கண்ணாடி அறையில் எப்போதும் இரண்டு பேர், முறை வைத்துப் பேசுவார்கள். கூட வேலை பார்த்த லிம்போ, பதில் சொல்லும் நாளன்று காலையிலேயே சொல்லிவிட்டாள்: "அண்ணே, மந்திரி எழுந்திருக்கும்போது என் முறைதான். நீங்க வெளியில போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. இதை நீங்க கேக்கவே வேணாம்."

மந்திரி எழுந்தபோது லிம்போ தன் மைக்கைப் போடப் போனாள். கோவாராய் அவள் கையைத் தடுத்தார்.

"நான் பேசுறேன்."

"அண்ணே, வேணாம்..."

அதற்குள் சிவப்பு விளக்கு அவர் பக்கம் எரிந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி வைத்து, வானொலியைச் சத்தமாக வைத்திருந்த மாரெட்செலியும் அப்படித்தான் நினைத்தாள்.

"நான் வருந்துகிறேன்," என்றது கோவாராயின் குரல். "அந்த இளைஞர் போதையில் இருந்தார். படிக்கட்டில் தானே தவறி விழுந்தார். அவர் மேல் ஒருவர் கையும் படவில்லை. இதை நான் முழுமையாக விசாரித்துவிட்டேன்."

ஒரு சொல் விடவில்லை. ஒரு சொல் சேர்க்கவும் இல்லை. குரல் நடுங்கவில்லை என்று லிம்போ சொல்கிறாள். அவர் வீட்டில் யாரோ எழுந்து வானொலியை அணைத்தார்கள். மாரெட்செலி அதைத் திரும்பப் போட்டு, மந்திரி உட்காரும் வரை கேட்டாள்.

அதன் பிறகும் அவர் பல வருடம் அந்த அறையில் வேலை பார்த்தார். அன்று லிம்போவைப் பேச விட்டிருந்தால் அந்த வார்த்தைகள் அவர் வாயில் வந்தே இருக்காது. ஏன் தடுத்தார் என்று அவளும் கேட்டாள், மாரெட்செலியும் கேட்டாள். சாகும்வரை அவர் சொல்லவில்லை.