மேகத்துக்குள் கொட்டிய பூ

வீட்டில் பல்பு மாற்ற நான் ஸ்டூலில் ஏறினால், மனைவி வந்து என் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்பேர்ப்பட்ட நான், ஹெலிகாப்டர் ஓட்டுகிற ஒருவருக்கு வானத்தைப் பற்றிப் பாடம் எடுத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு, கார்த்திகை மாதம், திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர் அம்மன் கோயில் கும்பாபிஷேகத்தன்று நடந்தது இது.

கலசத்தில் தண்ணீர் ஊற்றும் நேரம் ஹெலிகாப்டரிலிருந்து பூத்தூவ வேண்டும் என்று திருப்பூரில் தொழில் செய்யும் என் மைத்துனருக்கு ஆசை. ஏறத்தான் ஆசையில்லை. "அத்தான், நீங்கதான் நெறயாப் படிச்சவுக, நீங்க போங்க" என்றார். பூ கொட்டுவதற்குப் படிப்பு எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. புகழ்ந்தால் எனக்கு மூளை ஓடாது.

ஊருக்கு வெளியே பள்ளிக்கூட மைதானத்தில் ஹெலிகாப்டர் நின்றது. நரிக்குடிப் பக்கம் வானம் கருத்துக்கொண்டு வந்தது. பைலட் என் வயசுக்காரர். "சார், மேகம் ரொம்பக் கீழ இருக்கு. கொஞ்சம் பொறுப்போம்" என்றார்.

"நேரம் தப்பிருமே! அய்யரு கொடத்தத் தூக்கிருப்பாரு!" என்று மைத்துனர் கத்தினார்.

நான் விட்டேனா? "எங்க ஊரு மேகத்த எங்களுக்குத் தெரியாதா சார்? எட்டிப் பாத்துட்டு ராமநாதபுரம் போயிரும். ஒரு சொட்டு விழாது."

பைலட் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே ஒரு சுத்துதான்" என்றார்.

மேலே போன கொஞ்ச நேரத்தில் கோயிலைக் காணோம். அப்புறம் ஊரையே காணோம். சுற்றிலும் வெள்ளை. கண்ணாடியில் மழை சரளைக் கல்லை வீசுவதுபோல் அடித்தது. எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல், வந்த வேலையையாவது முடிப்போம் என்று பக்கத்துச் சின்ன ஜன்னல் வழியாகக் கூடையைக் கவிழ்த்தேன். காற்று அத்தனையையும் உள்ளே திருப்பி அடித்தது. ஆவி படிந்த முன்கண்ணாடியில் செவ்வந்தி இதழ்கள் அப்பிக்கொண்டன.

பைலட் ஒரு கையால் துடைத்தார். "சார், இனிமே எதுவும் பண்ணாதீங்க. தரை தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க."

நேராகத்தான் போகிறோம் என்று என் உடம்பு சத்தியம் பண்ணியது. அவர் முன்னாலிருந்த கருவியோ, சாய்ந்துகொண்டிருக்கிறோம் என்று காட்டியது. நல்லவேளை, அவர் கருவியை நம்பினார். என்னை ஒரு தடவை நம்பியதே போதும் என்று நினைத்திருப்பார்.

திடீரென்று மேகத்தில் ஒரு கிழிசல். கீழே கரிசல் மண். "தரை!" என்று கத்த வாயைத் திறந்தேன், வந்தது "கம்பி! கம்பி!" நேர் எதிரே உயர் அழுத்த மின்கோபுரம். பைலட் சட்டென்று மேலே தூக்கினார். கம்பிகள் எங்கள் காலடியில் நழுவிப் போவதைப் பார்த்தேன்.

ஒரு தரிசுக் காட்டில் இறக்கினார். சத்தம் அடங்கியதும், கண்ணாடியில் ஒட்டியிருந்த இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்தார். "வீட்ல ரெண்டு பொம்பளப் புள்ளைங்க சார். நான் முடியாதுன்னே சொல்லியிருக்கணும்" என்றார். என் தப்பைத் தன் தப்பாக எடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு அம்மா ஓடி வந்தார். "எங்க வந்து எறக்குறீக? ஆடு பூராம் மெரண்டு ஓடுதுல்ல!" திட்டு வாங்குவது அவ்வளவு சுகமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

வேலை தெரிந்தவர் யாராவது தயங்கி நின்றால், பக்கத்தில் நின்று தைரியம் சொல்லும் பழக்கம் அன்றோடு போயிற்று.

ஷேர் ஆட்டோ பிடித்து, சட்டையெல்லாம் இதழோடு வீடு வந்து, நடந்ததை மனைவியிடம் சொல்லி முடித்தேன். அய்யர் குடத்தைத் தூக்கிவிடுவாரே, நேரம் தப்பக்கூடாதே என்றுதான் எல்லாம் என்றேன்.

"அய்யரா?" என்றாள். "தூத்தல் விழவும், கோபுரத்துச் சாரம் வழுக்கும்னு அவுக கீழயே உக்காந்துட்டாக. பத்தர வரைக்கும் நல்ல நேரம் இருந்துச்சே, மழ வெறிச்ச பெறகுதான் மேல ஏறுனாக."