சீக்கிரம் தீரும் பேட்டரி

கொடைக்கானலில் செல்போனைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுக் கடையில் காத்திருந்தபோதுதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். வட்டக்கானலில் ஒரு விடுதியில் சமையல் வேலை என்று பேச்சில் தெரிந்தது. சேலைக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர், காதை மூடிக் கட்டிய மஃப்ளர். எதை எடுத்தாலும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் கொஞ்ச நேரம் பொத்தி வைத்துக்கொள்வார். ரிமோட்டில் பறக்கும் குட்டி ஹெலிகாப்டர் ஒன்றையும் அப்படிப் பொத்தியபடிதான் நீட்டினார். அதன் பேட்டரி உப்பிப்போயிருந்தது.

கடைக்காரர் அதற்குப் பொருந்துகிற இரண்டு பேட்டரிகளை எடுத்து வைத்தார்.

"பெருசை எடுத்துக்கங்கக்கா. ரொம்ப நேரம் பறக்கும்."

"சின்னதே குடுங்க தம்பி."

"அது வெரசா தீர்ந்துரும்க்கா."

"தீரட்டும்."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "பிள்ளைங்க ஏமாந்துபோவாங்களேம்மா," என்றேன்.

"பிள்ளைக்கு இல்லைங்க, எங்க வீட்டுக்காரருக்கு," என்று அவர் என் பக்கம் திரும்பினார். "வாதம் வந்து ஒரு கை விழுந்து கெடக்கு. விரலுக்கு வேலை குடுக்கணும்னு டாக்டர் சொன்னாரு. அதான் இதை ஓட்டுறாரு. பேட்டரி இருக்கும்போதே விரல் ஓஞ்சுருச்சுன்னா அழுதுருவாருங்க. பேட்டரி முந்தி தீர்ந்துச்சுன்னா, அதை நல்லா வைஞ்சுட்டுச் சிரிச்சுக்கிட்டே படுத்துக்கிடுவாரு."

சின்னப் பேட்டரியை வாங்கிக்கொண்டு மூடுபனிக்குள் இறங்கிப் போனார்.

மனைவியின் இந்தச் சூது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தேதான், மனைவியின் மனம் நிறையட்டும் என்று பேட்டரியைத் திட்டுகிறாரோ என்னவோ.