ஒற்றை விரலுக்கு ஆறு இழுப்பறைகள்

என் தங்கை போராடி வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளி ஓட்டப்பந்தயத்தில் இரண்டாம் பரிசு. ஓடியது மூன்று பேர், அதில் ஒருத்தி பாதியில் கழன்ற செருப்பைத் தேடப் போய்விட்டாள் என்பதை அவள் சொல்லமாட்டாள், நான் சொல்கிறேன். நாலாவது முயற்சியில் வண்டி ஓட்டும் உரிமம். எனக்கென்று ஒதுக்கியிருந்த ஜன்னலோரக் கட்டில். அம்மா கல்யாணப் பேச்சை எடுத்தால் சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசி முடிக்கும் சாமர்த்தியம். ஐந்தடியைத் தொடாத உயரத்தோடு, மரச்சாமான் கடையில் "இந்தப் பொண்ணு அலமாரி தூக்குமா" என்று கேட்ட எல்லாருடைய வாயையும் அடைத்தது. கடைசியாக ஆறு இழுப்பறைகள். இருப்பதிலேயே பெரிய வெற்றி அதுதான். ஏனென்றால் அதில் அவளுக்கு எதிராக நின்றது யார் என்பதே கடைசி நாள்வரை எங்களுக்குத் தெரியவில்லை.

வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். அவள் வேலை செய்யும் கடையில் கட்டில், அலமாரி எல்லாம் பலகை பலகையாக அட்டைப் பெட்டியில் வரும். வாங்குகிறவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டத் தெரியாதவர்கள் திரும்ப வந்து சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையை வாங்கிக்கொள்ளும் மேஜையில்தான் சின்னவளை உட்கார வைத்திருந்தார்கள். குறைந்துபோன ஸ்க்ரூவை எண்ணிக் கொடுப்பதும், "இழுப்பறை சிக்குது" என்றால் "ஆள் அனுப்புறோம்" என்பதும்தான் வேலை. சிலகாலம் கழித்து, அனுப்புகிற ஆளோடு உதவிக்கு இவளும் போனாள். பிறகு பாதி வீடுகளில் இவள் வேலை செய்ய, அந்த ஆள் டீ குடித்தார். ஆனால் வேலை முடிந்ததும் கொடுக்கும் தாளில் "பொருத்தியவர்" என்ற இடத்தில் அவர்தான் கையெழுத்துப் போடுவார். உதவியாளர் கையெழுத்துப் போடக்கூடாது என்பது கடையின் ஒழுங்கு.

ஒரு பொருத்துநர் இடம் காலியானது. கடை சூப்பர்வைசர் இவளைக் கூப்பிட்டு, ஆறு இழுப்பறை உள்ள பெட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொருத்தச் சொன்னார். ஒரு வாரம் அதை வீட்டில் புழங்க வேண்டும். சனிக்கிழமை அவரே வந்து இழுத்துப் பார்ப்பார். ஆறும் ஒற்றை விரலில் திறந்து மூட வேண்டும். ஒன்று சிக்கினாலும் இடம் கிடங்கில் இருப்பவருக்குப் போய்விடும், சின்னவள் திரும்பவும் ஸ்க்ரூ எண்ண வேண்டியதுதான்.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வு பெறும்வரை அப்பா பேருந்துப் பணிமனையில் சக்கர நட்டு முறுக்கியவர். நட்டு தளர்ந்தால் சக்கரம் கழலும், சக்கரம் கழன்றால் ஊரே அழும் என்று வாழ்ந்தவர். ஓய்வு பெற்ற பிறகு முறுக்குவதற்குப் பேருந்து கிடைக்காததால் வீட்டை முறுக்கினார். எங்கள் வீட்டுக் குழாயை அப்பாதான் மூட வேண்டும் என்றில்லை, அப்பா மூடினால் அப்பாதான் திறக்க வேண்டும். எண்ணெய் பாட்டிலை அவர் கண்ணில் படாமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் அம்மா ஒளித்துவைப்பாள்.

அதனால் பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே சின்னவள் திருப்புளி, ஸ்பேனர் எல்லாவற்றையும் தன் பைக்குள் போட்டுப் பூட்டினாள்.

"அப்பா, இந்தப் பெட்டியை மட்டும் தொடாதீங்க. என் பொழப்பு இதுல இருக்கு."

"நான் ஏம்மா தொடப் போறேன். எனக்கு வேற வேலையில்லையா?"

வேறு வேலை இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

நடு அறையில் சுவரோரமாகப் பெட்டியைப் பொருத்தினாள். எங்கள் சுவரின் அடியில் டைல்ஸ் பட்டை ஓடுகிறது. பெட்டியின் கீழ்ப்பாகம் அதில் முட்டும், மேலே கட்டைவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். பெட்டி முன்னால் கவிழாமல் இருக்க மேலே ஓர் இரும்புத் துண்டை வைத்துச் சுவரோடு பிடிக்க வேண்டும். இடது பக்கம் சுவருக்குள் மின்கம்பி போவதால் வலது மூலையில் மட்டும் பிடித்தாள். ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். என் தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்து மூலைக்கு மூலை குறுக்கே பிடித்து, இரண்டு குறுக்களவும் ஒன்றுதானா என்று பார்த்தாள். ஒன்றுதான். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, சுண்டு விரலால இழு."

இழுத்தேன். இழுப்பறை வெண்ணெயில் வழுக்குவது போல வந்தது. நான் அசந்துபோனதை முகத்தில் காட்டவில்லை. காட்டினால் அந்த வாரம் முழுக்கத் தாங்க முடியாது.

அடுத்த நாள் சாயங்காலம் மூன்றாவது இழுப்பறை பாதியில் நின்றது.

முதலில் பழி அம்மாமேல் விழுந்தது. "போர்வை எல்லாத்தையும் ஒரே இடத்துல அமுக்கி வெச்சா எப்படிம்மா வரும்?"

"பெட்டி எதுக்குடி வாங்குறது? பார்த்துக்கிட்டு உட்காரவா?"

போர்வைகளை எடுத்த பிறகும் சிக்கியது. அடுத்தது நான். இடுப்பால் இடித்து மூடுகிறேனாம். இடுப்பால் இடித்து மூடுவது அவளுடைய வழக்கம், சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு கதவைக்கூட அவள் கையால் மூடியதில்லை. இதைச் சொன்னதும் பேச்சு மழைக்காற்றின் ஈரத்துக்கு மாறியது. பலகை ஊறிவிட்டதாம். விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தாள். இழுப்பறை ஓடும் இரும்புச் சேனலைக் கழற்றி மாட்டினாள். ஒன்றும் ஆகாமல், கடைசியில் எல்லா ஸ்க்ரூவையும் தளர்த்தி, நூல் பிடித்து, முதலிலிருந்து பொருத்தினாள். அப்போது நன்றாக ஓடியது. மறுநாள் அவள் வேலைக்குப் போய்த் திரும்பினால் திரும்பவும் சிக்கல். இந்த முறை நாலாவதும் சேர்ந்துகொண்டது.

வியாழக்கிழமை இழுப்பறைக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து அதனோடு பேசிக்கொண்டிருந்தாள். "உனக்கு என்னதான் வேணும்? வாயைத் திறந்து சொல்லேன்." வழக்கமாக இப்படிப் பார்த்தால் சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வராமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"விடுடி. அந்த மேஜையில உட்கார்ந்தா என்ன, அதுவும் வேலைதானே?"

"அக்கா, நான் செஞ்ச வேலைக்கு எத்தனை வீட்டுல வேற ஆளு கையெழுத்துப் போட்டிருக்காரு தெரியுமா? இதுவும் போச்சுன்னா ஆயுசு பூரா அப்படித்தான்."

சனிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் இன்னொரு முறை தளர்த்திப் பொருத்தி, நூல் பிடித்துச் சரிபார்த்துவிட்டு, சூப்பர்வைசரை அழைத்துவரத் தெருமுக்குவரை போனாள். போய்வரக் கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது.

சூப்பர்வைசர் பருத்த உடம்புக்காரர், பேச்சு கொஞ்சம். நாற்காலி வேண்டாம் என்று தரையில் முட்டி போட்டார். சுண்டு விரலை நீட்டினார். முதலாவது வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது பாதியில் நின்றது. விரலை எடுத்துவிட்டுச் சின்னவளைப் பார்த்தார்.

"காலையில ஓடுச்சு சார்."

"எல்லாரும் இதைத்தாம்மா சொல்றாங்க."

"கொஞ்சம் பார்க்கட்டுமா?"

அவர் தலையசைத்தார். சின்னவள் நூலைக் குறுக்கே பிடித்தாள். ஒரு குறுக்களவு இன்னொன்றைவிடக் கூடியிருந்தது. காலையில் ஒன்றாக இருந்ததை நானே பார்த்தேன். அவள் எழுந்து பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் கட்டைவிரலை விட்டாள். இடது மூலையில் நுழைந்தது. வலது மூலையில் நுழையவில்லை. அங்கே பெட்டியின் தலை சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு மூலையைப் பின்னால் இழுத்ததில் பெட்டி முழுவதும் முறுக்கிக்கொண்டு நின்றது.

சின்னவள் மெதுவாகத் திரும்பினாள். அப்பா கதவருகே நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையில் ஒரு ஸ்பூன்.

"அப்பா."

"என்னம்மா?"

"தொட மாட்டேன்னு சொன்னீங்களே."

"நான் பெட்டியைத் தொடவே இல்லையே. சுவத்துல இருக்கிற ஸ்க்ரூவைத்தான். தினம் பார்க்கிறேன், தினம் லூசா இருக்கு. பெரிய மனுஷர் வர்ற நேரத்துல பெட்டி அவர் மேல விழுந்தா?"

அம்மா தலையில் கைவைத்தாள். அப்பா ஸ்பூன் காம்பால் அந்தக் காரியத்தைச் செய்திருக்கிறார். திருப்புளி தேவைப்படாத கை அது. சின்னவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. சூப்பர்வைசர்தான் பேசினார்.

"வாங்குறவங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருப்பாரு. அவர்கிட்ட என்ன சொல்லுவே? தொடாதீங்கன்னா?"

"சொன்னேனே சார். கேட்டாரா?" என்றாள். பிறகு, "தொட்டாலும் கெடாதபடி செய்யணும்" என்றாள்.

பெட்டியோடு வந்த பலகைத் துண்டு ஒன்று மிச்சம் இருந்தது. அதை இடைவெளியின் கனத்துக்கு அறுத்தாள். சுவர் ஸ்க்ரூவைக் கழற்றி, வலது மூலையில் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே துண்டை நிறுத்தி, திரும்ப மாட்டினாள். இனி எவ்வளவு முறுக்கினாலும் பெட்டி பின்னால் போக இடமில்லை. பையிலிருந்து பெரிய திருப்புளியை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"இப்ப முறுக்குங்கப்பா. பஸ் சக்கரம்னு நெனச்சுக்கோங்க."

அப்பா சூப்பர்வைசரைப் பார்த்தார். அவர் பெட்டியைக் கைகாட்டினார். அப்பா முழங்கை வரை சட்டையை ஏற்றி முறுக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. அதற்குமேல் திரும்பாது என்று ஆனபிறகும் மனத்திருப்திக்கு ஒரு தடவை அழுத்தினார்.

சின்னவள் நூல் பிடித்தாள். இரண்டும் ஒன்று. சூப்பர்வைசர் முட்டி போட்டு, மூன்றாவதில் சுண்டு விரலை வைத்தார். வந்தது. நாலாவது வந்தது. ஐந்தாவதும் ஆறாவதும் வந்தன. முதல் இரண்டையும் மறுபடி இழுத்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் முறுக்குறீங்களா?" என்றார். அப்பா அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளாமல் நிஜமாகவே முறுக்கினார். சூப்பர்வைசர் திரும்பவும் ஆறையும் இழுத்தார்.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, பையிலிருந்து கடைத் தாளை எடுத்துப் பெட்டியின்மேல் வைத்தார். வாங்கியவர் என்ற இடத்தில், வீட்டுக்காரர் என்ற முறையில், அப்பா கையெழுத்துப் போட்டார். பொருத்தியவர் என்ற இடத்துக்கு வந்ததும் சூப்பர்வைசர் பேனாவைத் தன் பையில் வைத்துக்கொள்ளாமல் சின்னவளிடம் கொடுத்தார். அவள் போட்டாள். எப்படிப் போட்டாள் என்று விவரித்தால் சண்டைக்கு வருவாள். கோடு கொஞ்சம் நெளிந்திருந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

வங்கியிலும் உரிமம் எடுத்த இடத்திலும் போட்ட கையெழுத்துகளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. என் தங்கை தான் செய்த வேலையின்கீழ் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது 2017 செப்டம்பர் 23, சனிக்கிழமை.