சாதிக்கின் அத்தா குரல்

கோரிப்பாளையத்தில் என் நண்பன் சாதிக், அவன் வீட்டுப் பழைய ரெண்டு ஸ்பீக்கர் டேப் செட்டில், தீப்பெட்டி அளவு எம்.பி.3 பிளேயர் ஒன்றை ஒயரால் மாட்டினான். அத்தா என்று அவன் கூப்பிடும், இறந்துபோன அவன் அப்பா பேசிய கேசட்டுகளையெல்லாம் அதில் ஏற்றி வைத்திருந்தான்.

"போன்ல போட்டா அத்தா மாதிரியே இல்லைன்னு அம்மா சொல்லுது மாப்ள. இந்தச் செட்டுலதான் கேக்கணுமாம்."

"சாதிக்கு, அத்தா பேசுறேன்..." என்று குரல் வந்ததும் அவன் அம்மா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது.

சின்ன வயதிலும் இப்படித்தான் எரியும். சவூதியில் வேலை பார்த்த அத்தாவிடமிருந்து கேசட் வந்தால் தெருவே சாதிக் வீட்டு வாசலில் நிற்கும். அவர் மகன் பேரைச் சொல்லிச் சொல்லிப் பேசுவார். மூட்டை தூக்கிவிட்டு வரும் என் அப்பா வீட்டில் வாயே திறக்க மாட்டார்.

"நீயும் சவூதிக்குப் போப்பா" என்றேன் ஒருநாள்.

"எதுக்குடா?"

"கேசட்டுல எங்கூடப் பேசலாம்ல."

"அதுக்கு அம்புட்டுத் தூரம் போகணுமாக்கும்? இங்கனயே பேசுறேன், உக்காரு."

உட்கார்ந்தேன். அப்பா தொண்டையைச் செருமினார். ரொம்ப நேரம் யோசித்தார்.

"சரி, போயி வெளையாடு" என்றார்.

அப்பா இறந்துபோய்ப் பல வருடமாகிவிட்டது. இன்று சாதிக்கின் அத்தா பேசி முடிக்கும் முன்பே, "வேலை கிடக்கு, வாரேன் மாப்ள" என்று எழுந்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் அந்த ஒயரைப் பிடுங்கியிருப்பேன்.